இசக்கியம்மாளின் நஞ்சுக்கொடி

"நான் பொய் சொல்லியிருக்கணுமா மேடம்?" என்று கேட்டார் செல்லையா.

பிரசவம் முடிந்த தாய்மாரின் நஞ்சுக்கொடியில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக், உலோகத் துகள்களைத் தேடும் ஆய்வகம் அது. செல்லையாவுக்கு நாற்பத்தெட்டு வயது, மாணவர். ஹசீனா அவரைவிட ஆறு வயது இளையவர், ஆசிரியர்.

"என்ன சொன்னீங்க?"

"நஞ்சுக்கொடி குடுத்த இசக்கியம்மா முடிவு கேட்டாங்க. உள்ளதைச் சொன்னேன். பிளாஸ்டிக் பதினேழு, உலோகம் நாலு."

"அப்புறம்?"

"'நான் என்னத்தத் தின்னு இது வந்துச்சு'ன்னு கேட்டாங்க. தெரியலன்னேன். நேத்துலருந்து பிள்ளைக்குப் பால் குடுக்கலையாம்."

செல்லையா நல்ல மனிதர். ஆனால் அவள் கேட்டதையும் ஓர் ஆய்வுக் கேள்வி என்று நினைத்துவிட்டார். கதை சொல்லும் எனக்கு அதுதான் ஆற்றாமை.

"அவங்களக் கூட்டிட்டு வாங்க," என்றார் ஹசீனா.

பிறந்து பன்னிரண்டு நாளான குழந்தையோடு இசக்கியம்மாள் வந்தாள். பால் கட்டி, ரவிக்கை நனைந்திருந்தது. புட்டிப்பாலைத் துப்பிவிட்ட குழந்தை அழுது ஓய்ந்திருந்தது.

ஹசீனா ஒரு கண்ணாடித் தட்டை நுண்ணோக்கியில் வைத்தார்.

"பாருங்கம்மா."

அவள் குனிந்தாள். நீலமாக ஓர் இழை. பக்கத்தில் சிவப்பாக இரண்டு துணுக்கு.

"இதான் என்னோடதா?"

"இல்ல. இதுல யாரோடதையும் வைக்கல. நாங்க வேலை செய்யும்போது பக்கத்துல ஒரு வெறும் தட்டைத் திறந்து வைப்போம். வெளியிலருந்து வர்றது இதுல விழும். அந்த நீல இழை என் துப்பட்டாவோடது. இதையெல்லாம் கழிச்சுட்டுத்தான் உங்களோடதை எண்ணுவோம்."

"கழிச்ச பெறவும் பதினேழா?"

"ஆமா. பதினேழு."

செல்லையா தரையைப் பார்த்தார். பொய்யே சொல்லியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"வெறும் தட்டுலயே வந்து விழுதா?"

"காத்துல இருக்கும்மா. தண்ணியில இருக்கு. சோத்துல இருக்கு."

"அப்ப ஒங்க ஒடம்புல?"

"இருக்கும்."

"இந்த சாரு ஒடம்புல?"

"எனக்கும் இருக்கும்மா," என்றார் செல்லையா. இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பால்ல?"

"இருக்கலாம்," என்றார் ஹசீனா. "அதுக்காகப் பாலை நிறுத்தாதீங்க."

இசக்கியம்மாள் குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு நாற்காலியை இழுத்துச் சுவரைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தாள். குழந்தையை முந்தானைக்குள் அணைத்துக்கொண்டாள்.

"இத்தனையையும் தாண்டியா ராசா எங்கிட்ட வந்தே?"