முதலாளியின் ஜெர்மன் சக்கரம்

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் சின்ன மருமகள், போன கார்த்திகை தீபத்தன்று அகலுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே.

சோமனூரில் பூங்கோதை என்று ஒருத்தி. தகர ஷெட்டில் த்ரீடி பிரிண்டர் வைத்துத் தறிக்கு வேண்டிய நைலான் பல்சக்கரம் செய்கிறவள். ஷெட் தறிப்பட்டறை முதலாளி ரத்தினசபாபதிக்குச் சொந்தம். அவருடைய புதுக் காரை நிறுத்த அந்த இடம் வேண்டியிருந்தது. ஒருநாள் நாலு பேரோடு வந்தார். அவள் கொடுத்த காபியைக் கையில் வாங்கிக்கொண்டே ஒரு சக்கரத்தை நீட்டினார்.

"அம்மிணி, இது ஜெர்மன் சரக்கு. ஏஜென்ட் மூலமா வரவழைச்சது. ரெண்டு வருசமாத் தேயவே இல்லை. உன் பொம்மை மிஷின்ல இதே மாதிரி ஒண்ணு, நான் காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள செஞ்சு காட்டு. இல்லாட்டி ஷெட்டைக் காலி பண்ணிக்க."

ஒரு சக்கரம் அச்சாக ஆறு மணி நேரம் ஆகும். பூங்கோதை அதைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு இழுப்பறையிலிருந்து இன்னொன்றை எடுத்து, இரண்டையும் முந்தானைக்குள் குலுக்கி அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல உங்க ஜெர்மன் எதுங்க ஐயா?"

முதலாளி தடவினார், முகர்ந்தும் பார்த்தார். தெரியவில்லை.

"உள்வட்டத்தைப் பாருங்க."

இரண்டிலும் கடுகளவில் ஒரு பிள்ளையார் சுழி.

"கம்ப்யூட்டர்ல படம் வரையறப்ப சுழி போட்டுத்தானுங்க ஆரம்பிப்பேன். அது சக்கரத்துலயும் விழுந்துரும். உங்க ஏஜென்ட் மாசாமாசம் இங்கதானுங்க வாங்கறாரு. ஜெர்மன்காரரும் சுழி போடுவாருங்களா?"

கூட வந்த நாலு பேரும் கூரையைப் பார்த்தார்கள். கார் இன்றைக்கும் வேப்பமரத்தடியில் காக்கை எச்சத்தோடு நிற்கிறது.

என் மிக்ஸியின் குமிழ் உடைந்து கிடக்கிறது. சோமனூர்ப் பக்கம் போனால் அவளிடம் ஒன்று செய்து வாங்கி வாருங்கள். சுழி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.