முதல் வெங்காயப் படையல்

மலைகள் நடப்பதை விட்டு ஓரிடத்தில் உட்காரப் பழகிய காலம் அது. கேளுங்கள், சொல்கிறேன்.

வெங்காயம் விளைகிற செம்மண் நாட்டில் உள்ளிப்பாடி என்று ஓர் ஊர். ஊர் எல்லையில் வைரவர் கோயில். வைரவருக்கு வாகனம் நாய் அல்லவா? அதனால் கோயிலில் ஏழு நாய்கள். அவற்றுக்குச் சோறாக்கிப் போடுபவள் அங்காயி. அவளுக்கு வேறு உறவு இல்லை.

உள்ளிப்பாடிக்கு ஒரு வழக்கம் இருந்தது. அறுவடையான முதல் வெங்காயத்தை மனிதர் வாயில் வைக்க மாட்டார்கள். நெய்யில் சிவக்க வதக்கி, சோற்றில் பிசைந்து, வைரவரின் நாய்களுக்கு வைப்பார்கள். அவை தின்ற பிறகே ஊர் தின்னும்.

ஆண்டுக்கு ஒரு நாள் படையல். ஆனால் அந்த ஆண்டு விளைச்சல் வீடு கொள்ளவில்லை. மகிழ்ந்துபோன ஊர், ஒரு மாதத்துக்குத் தினமும் படையல் வைப்பது என்று முடிவு செய்தது.

முதல் வாரம் ஒரு நாய் படுத்தது. அதன் ஈறு சுண்ணாம்பாய் வெளுத்தது. சிறுநீர் சிவந்து கறுத்தது. குரைக்கவில்லை, முனகவில்லை, செத்தது. இரண்டாம் வாரம் இரண்டு செத்தன. மூன்றாம் வாரம் மூன்று செத்தன. மிஞ்சியது செம்பன் ஒன்றுதான். அதன் ஈறும் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

"ஏதோ ஒண்ணு வந்து ரத்தத்தைக் குடிக்குது," என்றார் பூசாரி நல்லண்ணன். "வைரவருக்குப் படையல் பத்தலை. வெங்காயத்தைக் கூடப் போடு."

"நேத்தே ரெண்டு அகப்பை போட்டேனே, பூசாரியாரே."

"மூணு போடு. உன் கைக்கஞ்சம் ஊர் தலையில வந்து விடியும்."

மூன்று போட்டாள். செம்பன் அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு, அவள் வைத்தாள் என்பதற்காகவே தின்றது.

ரத்தம் குடிக்க வருவது எதுவோ, அதன் காலடியையாவது பார்த்துவிட வேண்டும் என்று அங்காயிக்குத் தோன்றியது. மறுநாள் உச்சிப்பொழுதில் செம்பனை மண்டபத்தில் படுக்க வைத்தாள். எதிரே சோற்றுச் சட்டியை வைத்தாள். தரையெங்கும் அடுப்புச் சாம்பலைத் தூவிக் கதவைச் சாத்தி, வெளியே உட்கார்ந்தாள். காற்று இல்லை. காக்கை இல்லை. தன் நிழல்கூடக் காலடிக்குள் போய் ஒளிந்துகொண்டதைப் பார்த்தபடி இருந்தாள்.

கதவைத் திறந்தபோது சாம்பலில் தடங்கள் இருந்தன. எல்லாம் நாய்க் கால்கள். செம்பன் படுத்த இடம் விட்டு அசையவில்லை. தடங்களில் ஒன்றுக்கு ஒரு விரல் குறைவு. முதலில் செத்த நாய்க்கும் அந்தக் காலில் ஒரு விரல் கிடையாது. ஆறு நாய்கள் வந்திருக்கின்றன. செம்பனுக்கும் சட்டிக்கும் நடுவே, வேலி அடைத்ததுபோல், ஆறும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.

பூசாரியிடம் ஓடினாள்.

"செத்த நாய் வந்து சாம்பல்ல உக்காருமா? உச்சி வெயில் உன் மண்டைக்குள்ள ஏறிடுச்சு, அங்காயி."

"அப்ப நாளைக்குச் சாம்பலை நீங்களே தூவுங்க."

இரண்டாம் உச்சிப்பொழுதில் அவரே தூவினார். அங்காயி இரண்டு சட்டிகள் வைத்தாள். வலப்பக்கம் நெய்ச்சோறு மட்டும். இடப்பக்கம் வதக்கிய வெங்காயம் மட்டும். கதவு திறந்ததும் பூசாரி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நெய்ச்சோற்றுப் பக்கம் சாம்பல் கலையாமல் கிடந்தது. ஆறு தடங்களும் வெங்காயச் சட்டியை மறித்து உட்கார்ந்திருந்தன.

"வெங்காயந்தான், பூசாரியாரே. இனி வைக்க மாட்டேன்."

"பாட்டன் பூட்டன் வழக்கம். வெங்காயம் தின்னுதான் நாம உடம்பு தேறுறோம். நாய்க்கு மட்டும் ஆகாதா? நிறுத்தி, செம்பனும் செத்துப்போனா நீ இந்த ஊர்ல இருக்க முடியாது."

"அது செத்தப்புறம் நான் எதுக்கு இருக்கணும்?"

மூன்றாம் உச்சிப்பொழுது. அங்காயி சுரைக்காயைத் தோல் சீவி, விதை எடுத்து, சிறுசிறு துண்டாக நறுக்கினாள். உப்பில்லாமல், காரமில்லாமல், தாளிதம் இல்லாமல் வெறும் நீரில் வேகவைத்து ஆறவிட்டாள். வயிறு நோகாதபடி ஒரு கைப்பிடி மட்டும் வெறுஞ்சோற்றில் கலந்து வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

இம்முறை சட்டிக்குப் போகும் வழியில் செம்பனின் தடம் தவிர வேறு தடம் இல்லை. செம்பன் படுத்திருந்த இடத்தில், ஆறும் அதன் முதுகுப்புறம் ஒட்டிப் படுத்திருந்த குழிவுகள் மட்டும் சாம்பலில் இருந்தன. அவள் கை வைத்துப் பார்த்தாள். கிணற்றுக்கல் போல் சில்லென்றிருந்தது. செம்பனோ சட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

அன்றுமுதல் வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, அவை வெந்த சாறுகூட இல்லை. ஒரு நாள் சுரைக்காய், ஒரு நாள் பூசணி, ஒரு நாள் வெள்ளரி. பதினைந்தாம் நாள் செம்பனின் ஈறு சிவந்தது. எழுந்து வாசலுக்கு வந்து, எதிரே வந்த பூசாரியைப் பார்த்துக் குரைத்தது.

ஊர் திரண்டது. நாய்க்கு வெங்காயம் வைக்கும் வழக்கம் அன்றோடு ஒழிந்தது என்று பூசாரி எல்லார் முன்னும் அறிவித்தார். பிறகு அங்காயியிடம் வந்தார்.

"செம்பனைக் காப்பாத்துனது உன் கைதாம்மா."

அங்காயி தன் கையைப் பார்த்தாள்.

"மத்த ஆறுக்கும் பிசைஞ்சு வச்சதும் இதே கைதான், பூசாரியாரே."

அவள் சட்டியைக் கழுவப் போனாள்.

உண்ணும் உயிரின் உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று அறியாமல் ஊட்டினால், அன்பும் நஞ்சாகும்.