பூஜை போட்ட டிரம்

இது நான் கண்டதல்ல. ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியின் கேன்டீனில் இருந்தவர் சொல்லக் கேட்டேன். கேட்டபடியே எழுதுகிறேன்.

அங்கே பெட்ரோல் டிரம்களைப் படுக்கவைத்தே வைப்பார்கள். நிமிர்த்தினால் மூடிமேல் மழைநீர் தேங்கி, வாய் வழியாக உள்ளே கசியும். ஆயுத பூஜையன்று மட்டும் சந்தனம் பூசி மாலை போட ஒரு டிரம்மை நிமிர்த்தினார்கள். மாலையில் வானம் இருண்டது.

“படுக்கப் போட்டுடட்டுமா சார்?” என்றார் பெட்ரோல் நிரப்பும் மாசிலாமணி.

“பூஜை போட்டதை இன்னிக்கே கலைப்பாங்களாய்யா? சாமி பாத்துக்கும். போய்ப் பொரி சாப்பிடு” என்றார் இன்ஜினியர் தணிகாசலம்.

மழை பெய்தது. மறுநாள் விஜயதசமி, இன்பன் என்ற மாணவனுக்கு முதல் பாடம். மூடிமேல் தேங்கிய நீரைத் துண்டால் துடைத்துவிட்டு, மாசிலாமணி யாரிடமும் சொல்லாமல் அதிலிருந்தே விமானத்துக்குப் பெட்ரோல் நிரப்பினார்.

பறக்குமுன் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பிடித்துப் பார்ப்பது வழக்கம். தண்ணீர் கலந்திருந்தால் பெட்ரோலுக்குக் கீழே தனியாக நிற்கும். நடுவே கோடு தெரியும். பயிற்சியாளர் ரோஸலின் கண்ணாடிக் குவளையில் பிடித்தார். கோடே இல்லை.

“சுத்தம்” என்றார்.

“மேடம், விமானப் பெட்ரோல் நீலமா இருக்கும்னு படிச்சேனே?” என்றான் இன்பன்.

“படிச்சதெல்லாம் அப்புறம். நல்ல நேரம் முடியப்போகுது, ஏறுங்க தம்பி.”

மேலே எழும்பியதும் இன்ஜின் இருமி நின்றது. விமானம் சோளக்காட்டில் விழுந்தது. ரோஸலினுக்குச் சிராய்ப்பு, இன்பனுக்குக் கால் முறிந்தது.

ஆஸ்பத்திரியில், இன்பனின் கட்டிலருகே பள்ளி முதலாளி தணிகாசலம், மாசிலாமணி, ரோஸலின் மூவரையும் நிறுத்தினார். “ஒருத்தர் பேரைச் சொல்லுங்க. மத்த ரெண்டு பேரும் நாளைக்கு வேலைக்கு வரலாம்.”

மூவரும் தலைகுனிந்து, “என் தப்புதான்” என்றார்களாம்.

நிமிர்த்திய டிரம்மை அப்படியே விடச் சொன்னவர், தேங்கிய நீரைக் கண்டும் சொல்லாதவர், குவளையைப் பார்த்தவர்: இவர்களில் வேலையை இழக்க வேண்டியவர் யார்?

ரோஸலின் என்பதே என் விடை. குவளை முழுவதும் தண்ணீர். கோடு எப்படித் தெரியும்? மற்றவர்கள் தவறக்கூடும் என்பதற்காகத்தானே அந்தச் சோதனை? நிறம் சரியில்லை என்று மாணவனே சொன்ன பிறகும் அவர் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எழுதி முடித்தபின், சரிபார்க்க இன்பனிடம் பேசினேன். கடைசியில் வேலையை விட்டவர் ரோஸலின்தானாம். ஆனால் அன்று கட்டிலருகே “என் தப்புதான்” என்று வாய் திறந்தவரும் அவர் ஒருவர்தானாம்.