பாறைக்கு வந்த புதுக்குருவி

கடலோரப் பாறை ஒன்றில் ஓர் ஓணானும் வெள்ளாடும் காகமும் குடியிருந்தன. அந்தப் பாறைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யார் வந்தாலும், இன்ன இனம் என்று மூன்றும் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் கண்டுபிடிக்காவிட்டால், வந்தவர் கிளம்பிவிட வேண்டும்!

ஒருநாள் பிற்பகலில் சின்னஞ்சிறு குருவி ஒன்று தள்ளாடி வந்து இறங்கியது. மங்கிய பழுப்பு நிறம். மார்பில் அழுக்குக் கோடுகள்.

"சிறகு ஓய்ந்துவிட்டது. இங்கேயே தங்கிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டது.

ஓணானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புதுமுகம் பார்த்து எத்தனை காலம்! ஆட்டின் கொம்புகளுக்கு நடுவே தாவி உட்கார்ந்து, கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது.

"சிட்டுக்குருவிதான்!" என்றது ஆடு.

"சிட்டு தத்தித் தத்திப் போகும். இது நடக்கிறதே, மாமா!" என்றது ஓணான்.

"அப்படியானால் வானம்பாடி!" என்றது காகம்.

"கொண்டை எங்கே?" என்றது ஆடு.

"வழியில் விழுந்திருக்கும்!"

"உன் மூளை விழுந்த மாதிரியா?"

குருவி வாலை ஆட்டியது. "ஆட்டுகிறது! ஆட்டுகிறது!" என்று மூன்றும் கும்மாளம் போட்டன.

அப்போது பாறை இடுக்கில் கிடந்த நீரெல்லாம் களக்கென்று கடலுக்குள் வடிந்தது. குருவி பதறியது.

"பெரிய அலை வருகிறது! மேலே ஏறுங்கள்!"

"ஆகா, கீச்சுக்குரல்!" என்றது காகம்.

"கடைசியில் கொஞ்சம் இழுக்கிறது, கவனித்தாயா?" என்றது ஆடு.

"ஐயோ, அலை! அலை!"

"இன்னொரு தடவை பாடு, கண்ணு!" என்றது ஓணான்.

பொளேரென்று அடித்தது அலை. காகம் பறந்தது. ஆடு உருண்டு ஒரு மேட்டில் போய் நின்றது. ஓணானை மட்டும் நுரை கடலை நோக்கி இழுத்துக்கொண்டு போனது.

ஓய்ந்த சிறகோடு குருவி அதன் தலைக்கு மேலே பறந்தது. "இடப்பக்கம் ஒரு வெடிப்பு! நகத்தை ஊன்று! அடுத்த அலை வருவதற்குள் ஏறு!"

இந்தத் தடவை ஓணான் குரலை ஆராயவில்லை. சொன்னபடி செய்தது. மூச்சிரைக்க மேலே வந்து விழுந்தது.

காகம் மெல்லத் திரும்பி வந்தது. "பொழுது சாய்ந்துவிட்டது. இனம் தெரியவில்லை. குருவி கிளம்பலாம்."

ஓணான் உப்புத் தண்ணீரைத் துப்பியது. "உயிரைக் காப்பாற்றுகிற இனம்! அது போதாதா? யாராவது கிளம்பித்தான் ஆக வேண்டுமென்றால் நீ கிளம்பு, மாப்பிள்ளை!"

"அதுதான் சரி!" என்றது ஆடு, தாடியைக் கல்லில் தேய்த்துப் பிழிந்துகொண்டே.

குருவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் நெட்டைக்காலிக் குருவி இனம். என்னிடமே கேட்டிருந்தால் வந்ததும் சொல்லியிருப்பேனே!"

ஒருவர் யாரென்று உற்று உற்றுப் பார்ப்பதைவிட, அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதே அறிவு.