பிடுங்கிய வெட்சிப் பூக்கள்

ஒரு காட்டில் குரங்கு ஒன்று ஒண்டியாகத் திரிந்தது. எதற்கெடுத்தாலும் பேரம் பேசும். படியாவிட்டால் கடித்து வைக்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கூட்டம் அதைத் துரத்திவிட்டது. அதன்பின் முதுகில் பேன் பார்க்கக்கூட அதற்கு ஆளில்லை.

அது உட்காரும் பாறையருகே வெட்சிப் புதர் ஒன்று செக்கச்செவேலென்று பூத்தது. பாறையில் வெயில் ஏறும் நேரம் ஒரு பூச்சி வந்தது. அந்துப்பூச்சிதான்; ஆனால் பகலில் பறக்கிற வகை. அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலைப் பூவுக்குள் விட்டுத் தேன் குடித்தது.

குரங்கு எட்டிப் பார்த்தது. பூச்சி மறைந்துவிட்டது.

"நீ ஆடினால் அது ஓடும் அண்ணே," என்றது மரத்திலிருந்த அணில். "கல்லு மாதிரி இரு. நாளைக்கும் இதே நேரத்துக்கு வரும்."

குரங்கு அப்படியே இருந்தது. நாலாம் நாள் பூச்சிக்குப் பயம் தெளிந்தது.

"என்ன அண்ணே, தனியாகவா?" என்று கேட்டது பூச்சி.

அந்த ஒரு கேள்வியை நினைத்துக்கொண்டே குரங்கு பொழுதெல்லாம் கிடந்தது. மறுநாளும் அதே நேரத்துக்குப் பூச்சி வந்தது.

"கொஞ்சம் உட்கார்ந்துதான் பேசேன், தங்கச்சி."

"குடிக்கும்போது உட்காருவது எங்கள் வழக்கமில்லை. இன்னும் பத்துப் புதருக்குப் போகணும்."

"சரி, பாதிப் பூவைப் பறந்தபடி குடி. பாதிக்கு உட்கார்."

"முடியாது அண்ணே."

"கால்வாசி?"

பூச்சி சிரித்துக்கொண்டே போய்விட்டது.

குரங்குக்குச் சுருக்கென்றது. "பூ என் கையில் இருந்தால் எங்கே போவாய்?" என்று கறுவியபடி, ஒன்று விடாமல் பிடுங்கி மடியில் குவித்துக்கொண்டது.

"நல்ல வியாபாரம்," என்றது அணில்.

மறுநாள் வந்த பூச்சி மொட்டைப் புதரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"பூவெல்லாம் இங்கே இருக்கிறது. உட்கார்," என்று குரங்கு கையை நீட்டியது.

பூச்சி ஒரு பூவில் உறிஞ்சிப் பார்த்தது. "வாடிவிட்டதே அண்ணே. சொட்டுத் தேன் இல்லை."

"சரி, உட்கார வேண்டாம். பறந்தபடியே குடி," என்று குரங்கு அவசரமாக இறங்கி வந்தது. "குடிக்கவே வேண்டாம். சும்மா வந்துவிட்டுப் போ."

"சும்மா வர எனக்கு ஏது அண்ணே பொழுது?" பூச்சி அடுத்த புதரைத் தேடிப் பறந்தது.

மழை பெய்து வெட்சி மறுபடி பூத்தது. பூச்சி வேறு வழியில் போகப் பழகிவிட்டது. வெயில் ஏறிய பாறையில் குரங்கு மூச்சை அடக்கி, அசையாமல் உட்கார்ந்திருந்தது.

நீதி: வந்து போகிறவரைப் பிடித்து வைக்கப் பார்த்தால், வருவதும் நின்றுபோகும்.