மூன்று புள்ளி வைத்த நட்டு

"என் ஆளுங்கள்ல ஒருத்தரையும் நம்ப முடியல மேடம்" என்றார் தாண்டவராயன்.

ஜெசிந்தா கைக்குழந்தைக்கு ராகிக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை ஒரு வாய் வாங்கி அரை வாயைத் துப்பியது.

"ஒருத்தரையுமா?"

"ஒருத்தரையும்."

ஆற்றுக்குக் குறுக்கே அந்தத் தொங்கு பாலத்தை வரைந்து, பாதி வரைக்கும் கட்டியவள் அவள்தான். அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. விடுப்பில் போனாள். பாலம் தாண்டவராயனின் பொறுப்புக்கு வந்தது.

வயதில் அவருக்கு மகள் மாதிரி. ஆனாலும் இலாகாவில் யாருக்கு என்ன சந்தேகம் என்றாலும் அவள் வீட்டுப் படியைத்தான் ஏறுவார்கள். அவள் கட்டிய எதுவும் எந்த மழைக்கும் அசைந்ததில்லை.

தாண்டவராயனுக்கோ சந்தேகம் வராத நாளே கிடையாது. டீக்கடையில் டீயைக் குடிப்பதற்கு முன் டம்ளரைத் தூக்கி அடியைப் பார்ப்பார். பஸ்ஸில் ஊர்ப் பெயர் எழுதியிருந்தாலும் நடத்துநரிடம் கேட்பார். அவர் சொன்ன பிறகு பக்கத்து சீட்டுக்காரரிடமும் கேட்பார்.

"திங்கக்கிழமை பாலம் திறக்கறோம்" என்றார். "அன்னைக்கே அக்கரைப் பிள்ளைங்க எல்லாம் அது வழியாத்தான் பள்ளிக்கூடம் வரப்போகுது. கீழே சுழி இருக்கு. ஒரு நட்டு சரியில்லன்னாலும் யோசிச்சுப் பாருங்க."

"எது சரியில்ல?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. அதுதான் சந்தேகமா இருக்கு."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. குழந்தைதான் சிரித்தது.

"எப்படிப் பாக்கறீங்க?" என்று கேட்டாள்.

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

"பலகையைத் தாங்குற ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நட்டு இருக்கில்ல? ஓவர்சியர் நரசப்பன் அதை முடுக்கிப் பாத்துட்டு சாக்பீஸால சிவப்புப் புள்ளி வைக்கணும். அவர் ஒழுங்கா பாத்தாரான்னு உதவிப் பொறியாளர் ஷாநவாஸ் பாத்துட்டு மஞ்சள் புள்ளி. ரெண்டு பேரும் ஒழுங்கா பாத்தாங்களான்னு நான் பாத்துட்டு வெள்ளைப் புள்ளி."

இலாகாவில் அவரை 'முப்புள்ளி' என்றுதான் சொல்வார்கள். அவர் காதில் விழாமல்தான். அப்படி ஒரு பேர் தனக்கு இருக்குமோ என்றும் அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு.

"இப்ப நாலாவதா ஒரு ஆள் வேணும் மேடம். நீங்க சொன்னா மேலிடத்துல அனுப்புவாங்க. அவருக்கு நீலப் புள்ளி கொடுத்துடலாம்."

ஜெசிந்தா குழந்தையின் தாடையைத் துடைத்தாள்.

"கடைசியா எப்பப் பாக்கப் போறீங்க?"

"நாளைக்குக் காலையில."

"இன்னைக்குச் சாயந்தரம் நான் ஒரு நடை வர்றேன். ஒரு ஸ்பேனர் மட்டும் எடுத்து வையுங்க."

"ஸ்பேனர் எதுக்கு?"

"பாப்பாவுக்கு விளையாட."

வழி நெடுக அவருக்கு அது உறுத்தியது. பச்சைப்பிள்ளைக்கு விளையாடக் கிலுகிலுப்பை இல்லையா? நாலாவது ஆள் கேட்டதற்குப் பதிலே வரவில்லையே? பாலத்தைத் திரும்பத் தன் பேருக்கே வாங்கிக்கொள்ளப் பார்க்கிறாளோ?

சாயந்தரம் சொன்னபடி வந்தாள். இரண்டு முனையிலும் ஆள் போகாதபடி முள் வெட்டிப் போட்டிருந்தது. ஸ்பேனரை வாங்கிக்கொண்டு குழந்தையை அவர் கையில் கொடுத்தாள்.

"கொஞ்சம் வச்சுக்குங்க சார். காத்து அதிகம்."

அவர் கழுத்தை நீட்டி எட்டி எட்டிப் பார்த்தார். நடுப்பாலத்தில் அவள் குனிவது தெரிந்தது. என்ன செய்கிறாள் என்று பார்ப்பதற்குள் குழந்தை அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது.

கண்ணாடியைத் துடைத்து மாட்டும்போது அவள் எதிரே நின்றிருந்தாள்.

"என்ன மேடம் பாத்தீங்க?"

"ஆத்துல தண்ணி ஏறியிருக்கு" என்றாள். குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை மூன்று பேரும் வரிசையாக இறங்கினார்கள். முன்னால் நரசப்பன், சிவப்பு. நடுவில் ஷாநவாஸ், மஞ்சள். பின்னால் தாண்டவராயன், வெள்ளை.

தாண்டவராயன் கண்ணை எடுக்கவே இல்லை.

நரசப்பன் போன் பேசிக்கொண்டே புள்ளி வைத்தார். யாரோடு பேசுகிறார்? காண்டிராக்டரோடா? ஷாநவாஸ் அடிக்கடி திரும்பிப் பார்த்தான். எதற்குப் பார்க்கிறான்? இருவரும் ஒருமுறை ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். தன்னைப் பற்றித்தானோ?

கண் அவர்கள் முதுகில் இருந்தது. கை பாட்டுக்கு வெள்ளைப் புள்ளி வைத்துக்கொண்டே போனது.

சாப்பாட்டு வேளை தாண்டி ஜெசிந்தா வந்தாள். இடுப்பில் குழந்தை, தோளில் ஒரு துணிப்பை.

"முடிஞ்சுதா சார்?"

"எல்லாத்துக்கும் மூணு புள்ளி. ஒன்னு விடல."

அவரை நடுப்பாலத்துக்குக் கூட்டிப்போனாள். ஒரு கம்பியின் அருகே குந்தி உட்கார்ந்தாள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று மூன்று புள்ளியும் அதன் நட்டில் அழகாக, கோலத்துக்கு வைத்த மாதிரி இருந்தன.

இரண்டு விரலால் அந்த நட்டைத் திருப்பினாள்.

அது ஊறுகாய்ப் பாட்டில் மூடி மாதிரி சுற்றிக்கொண்டு வந்தது.

தாண்டவராயன் குனிந்தார். பலகையின் இடுக்கில் பார்த்தார். கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது.

"யோவ் நரசப்பா, இங்க வாய்யா" என்று கத்தினார்.

இரண்டு பேரும் ஓடி வந்தார்கள்.

"இதைப் பாத்தீரா இல்லையா?"

நரசப்பன் நட்டைப் பார்த்தார், பிறகு ஷாநவாஸைப் பார்த்தார். "எனக்குப் பின்னாடி ரெண்டு பேர் பாக்கறாங்களேன்னு கொஞ்சம் வேகமா வந்துட்டேன் சார். தம்பி பாத்திருக்கணும்."

"எனக்கு முன்னாடி இவரு பாத்துட்டாரு. பின்னாடி சார் வேற வர்றீங்க" என்றான் ஷாநவாஸ். "நடுவுல நான் என்னத்தைப் பாக்கறது?"

"பாத்தீங்களா மேடம்? நான் சொன்னேன்ல? ஒருத்தனும் தேற மாட்டான்."

"வெள்ளைப் புள்ளி யாருது சார்?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

காற்றில் பாலம் லேசாக ஆடியது.

"நான் இவங்களைப் பாத்துட்டு இருந்தேன்" என்றார் தாண்டவராயன்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. சட்டென்று பேச்சை மாற்றினார்.

"அது கிடக்கட்டும். முடுக்கின நட்டு எப்படிக் கழண்டுச்சு? யாரோ வேணும்னே கழட்டியிருக்கான். அவன் யாருன்னு தெரிஞ்சாகணும்."

"நான்தான்" என்றாள் ஜெசிந்தா. "நேத்துச் சாயந்தரம்."

"நினைச்சேன்." அவர் முகம் சிவந்தது. "ஸ்பேனர் கேட்டப்பவே நினைச்சேன். என்னை மாட்டி விடறதுக்குத்தானே?"

"கழட்டுனது என் தப்பு. யார் கேட்டாலும் நான்தான்னு சொல்றேன். ஆனா நான் புள்ளி வைக்கல சார்."

பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து, அந்த நட்டைத் தானே இறுக்க முடுக்கினாள். முடுக்கி, ஒருமுறை ஆட்டிப் பார்த்து, எழுந்துகொண்டாள்.

தாண்டவராயன் அவள் பின்னாலேயே வந்தார்.

"அப்ப நாலாவது ஆள் கண்டிப்பா வேணும்னு தெரியுதில்ல மேடம்? மூணு பேர் பாத்தும் விட்டுப்போச்சு. நாலு பேர் பாத்தா விடாது."

ஜெசிந்தா நின்றாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பைக்குள் கைவிட்டு, குழந்தைக்குத் துடைக்க வைத்திருந்த ஈரத்துணியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"புள்ளியை அழிக்க."

அவ்வளவுதான். போய்விட்டாள்.

தாண்டவராயன் ஈரத்துணியோடு கரையிலேயே உட்கார்ந்திருந்தார். அழித்தால் எது பார்த்தது, எது பார்க்காதது என்று எப்படித் தெரியும்? மேலிடத்தில் கேட்டால் என்ன காட்டுவது? இதிலும் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது.

அக்கரையில் சில பிள்ளைகள் முள்வேலிக்குப் பின்னால் நின்று பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சீருடையை இப்போதே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இன்னும் பள்ளிக்கூடமே திறக்கவில்லை.

அவர் எழுந்தார். முதல் கம்பியிலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் திரும்பப் பாலத்தடியில் கூடினார்கள்.

"கலர் எங்க சார்?" என்றார் நரசப்பன்.

"கலர் கிடையாது. அக்கரைப் பக்கம் முழுக்க உம்முடையது. இக்கரைப் பக்கம் ஷாநவாஸ். நடுப்பாலம் நான்."

"சரி சார். என்னுதை அப்புறம் யார் வந்து பாப்பாங்க?"

இத்தனை வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு வார்த்தையைத் தாண்டவராயன் சொன்னதே கிடையாது.

"யாரும் வரமாட்டாங்க."

நரசப்பன் அவரையே பார்த்தார். "யாருமா?"

"யாரும்தான்."

"நிஜமா சொல்றீங்களா? இல்ல, ஒளிஞ்சிருந்து பாப்பீங்களா?"

"எனக்கு நடுப்பாலம் கிடக்குதுய்யா."

நரசப்பன் ஸ்பேனரைக் கையில் உருட்டினார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"அப்ப ஒரு நிமிஷம் இருங்க சார். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி எடுத்துட்டு வந்துடறேன்."

இதுவரை கண்ணாடி இல்லாமலா பார்த்தீர் என்று கேட்க வாய் வரை வந்தது. தாண்டவராயன் கேட்கவில்லை.

அன்றைக்கு வேலை நகரவே மாட்டேன் என்றது. முன்பு ஒரு காலையில் முடிந்த வேலை பொழுது சாயும் வரை இழுத்தது. ஷாநவாஸ் ஒரு நட்டின் முன்னால் உட்கார்ந்து, போய், மறுபடி திரும்பி வந்து உட்கார்ந்தான். நரசப்பன் மரை தேய்ந்த நட்டு என்று ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டினார். போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை.

தாண்டவராயன் ஆரம்பத்தில் இரண்டு தடவை அக்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் நேரம் கிடைக்கவில்லை. தன் கையில் இருக்கும் நட்டைத் தனக்குப் பிறகு யாரும் தொடமாட்டார்கள் என்ற நினைப்பு வந்ததும் கண் வேறெங்கும் போகவில்லை.

திங்கட்கிழமை விடிந்தது. தோரணம் கட்டியாகிவிட்டது. அக்கரையில் பிள்ளைகள் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு நின்றார்கள். பரிசல்காரர்கூடப் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

ஜெசிந்தா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பையில்லை, ஸ்பேனர் இல்லை.

தாண்டவராயன் முன்னால் ஓடினார். ராத்திரி தூங்காத கண்.

"மேடம், பிள்ளைங்களை விடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்துடுங்க. உங்க கண்ணால பாத்துட்டா எனக்கு நிம்மதி."

அவள் பாலத்தின் முதல் பலகைக்கு முன்னால் நின்றாள். ஒரு கம்பியிலும் புள்ளி இல்லை.

"இந்தப் பக்கத்துக்கு யார் பொறுப்பு?"

ஷாநவாஸ் பக்கத்தில்தான் நின்றான். பெயர் தாண்டவராயனின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

"நான்" என்றார்.

ஷாநவாஸ் நிமிர்ந்து பார்த்தான்.

"நடுவுல?"

"நான்."

"அந்தப் பக்கம்?"

அக்கரையில் நரசப்பன் சின்னதாகத் தெரிந்தார். மூக்கில் கண்ணாடி பளபளத்தது. அங்கே அவர் என்ன செய்தார் என்று தாண்டவராயனுக்குத் தெரியாது. ஒரு நட்டைக்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

"அதுவும் நான்தான் மேடம்."

ஜெசிந்தா குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, பாலத்தில் காலை வைத்தாள்.