அக்கா தவிக்கக் காத்திருந்தோம்

எங்கள் வேன் ஸ்டாண்டு அறிவுக்குப் பேர் போனது. போன பேர் இன்றுவரை திரும்பி வரவில்லை.

நாங்கள் நாலு பேர். சொக்கலிங்கம் அண்ணன் மூத்தவர். யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார், சில சமயம் அப்படியே தூங்கிவிடுவார், எழுந்ததும் முடிவு சொல்வார். பெரியகருப்பன் அவர் சொன்னதைச் செய்பவன். அடைக்கலம் அவர் சொல்லாததையும் செய்பவன். நாலாவது ஆள் நான். இவர்கள் மூவரும் கெடுத்தது போக மிச்சம் ஏதாவது இருந்தால், அது என் பங்கு.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் வருகிற ஊர் இது. அவர்கள் இங்கிலீஷில் வழி கேட்பார்கள், நாங்கள் சிரிப்போம், அவர்கள் வேறு வண்டியில் ஏறிப் போய்விடுவார்கள். சிரித்துச் சிரித்துப் பிழைப்பு படுத்துவிட்டதால், ஜெராக்ஸ் கடை மாடியில் ஜெசிந்தா மிஸ் நடத்துகிற இங்கிலீஷ் வகுப்பில் நாலு பேரும் சேர்ந்தோம்.

அன்றைக்குப் பாடம் 'ஹெல்ப் அவுட்'.

"வெறும் ஹெல்ப்னா எந்த உதவியும் சொல்லலாம். ஹெல்ப் அவுட்னா, ஒருத்தர் ஆள் போதாம தவிக்கிறப்போ, நாம போய்க் கொஞ்ச நேரம் கூட நின்னு தூக்கிவிடறது. கூலி வாங்கக்கூடாது. வெள்ளைக்காரங்க தினமும் பேசற வார்த்தை. நாளைக்கு யாருக்காவது ஹெல்ப் அவுட் பண்ணிட்டு வந்து எங்கிட்டச் சொல்லணும்" என்றார் மிஸ்.

படியிறங்கும்போதே சொக்கலிங்கம் அண்ணன் விரலை மடக்கினார். "சட்டம் மூணு. ஒண்ணு, அவங்க தவிக்கணும். ரெண்டு, கொஞ்ச நேரந்தான். மூணு, கூலி கூடாது. இதுல ஒண்ணு தப்பினாலும் அது வெறும் ஹெல்ப்பாப் போயிரும்."

மறுநாள் எங்களுக்கு வசதியாக அமைந்தது. நாங்கள் மத்தியானம் சாப்பிடுகிற மெஸ் வள்ளிக்கண்ணு அக்காவுடையது. யாவாரம் நொடித்துப்போய், மெஸ்ஸை மூடிவிட்டுத் திருப்பூரில் தம்பி வீட்டோடு போய்விடலாமா என்று அக்கா யோசித்துக்கொண்டிருந்த நேரம். அப்போதுதான் பெரிய ஓட்டல் மேனேஜர் ஒருவர், தங்கியிருக்கும் வெள்ளைக்காரக் கூட்டத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு சொல்லியிருந்தார். பிடித்துவிட்டால் வாராவாரம் ஆள் அனுப்புவாராம். பிடிக்காவிட்டால் திருப்பூர்தான். அக்கா போய்விட்டால் எங்களுக்கும் சோறு கிடையாது. அதனால் உயிரைக் கொடுத்தாவது உதவுவது என்று காலையிலேயே போய் நின்றோம்.

போனால் பெரிய ஏமாற்றம். அக்கா நிதானமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உதவிக்கு இருக்கும் சோலையம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கோழி மஞ்சள் தடவித் தயாராக இருந்தது. பணியார மாவு பொங்கி நின்றது. தவிப்புக்கான அறிகுறி எதுவுமே இல்லை.

நாங்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து அக்காவின் முகத்தையே பார்த்தோம்.

"என்னப்பா வேணும்?" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. நீங்க தவிக்கட்டும்னு காத்துக்கிட்டிருக்கோம்" என்றான் பெரியகருப்பன்.

அக்கா எங்களை வெகுநாளாக அறிந்தவர். ஒன்றும் கேட்காமல் நாலு டீ போட்டு வைத்தார். பெரியகருப்பன் கையை நீட்டியதும் அண்ணன் தட்டிவிட்டார். "கூலிடா அது!"

"வாசனை வருதே அண்ணே. அது கூலியில சேராதா?"

அண்ணன் கண்ணை மூடி யோசித்தார். "சேரும். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கங்க."

மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மணி ஓடியது. அக்கா தவிக்கிறபாடாக இல்லை.

"இந்தச் சோலையம்மா இருக்கிறவரைக்கும் அக்கா எப்பிடித் தவிப்பாங்க?" என்றான் அடைக்கலம். நாங்கள் திரும்பிப் பார்த்தோம். இத்தனை நாள் கூடப் பழகியும் அவனுக்குள் இப்படி ஒரு மூளை இருப்பது தெரியாமல் போயிற்றே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அக்கா கொல்லைப்பக்கம் போன சமயம் அடைக்கலம் சோலையம்மாவிடம், "ஒன் ஆத்தாளைப் பாக்கணும்னு சொன்னியே, வா, தேவகோட்டையில எறக்கிவிடுறேன், காசு வேணாம்" என்றான். அந்தம்மா, "அக்கா ஒண்ணும் சொல்லாதா?" என்று கேட்டார். "நாங்க நாலு பேரு இருக்கோம்ல?" என்றான். பாவம், அதைக் கேட்ட பிறகும் அவர் வண்டியில் ஏறிவிட்டார்.

திரும்பி வந்த அக்கா நாலுபக்கமும் தேடினார். விஷயம் தெரிந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டு, "அடப்பாவிகளா, இன்னைக்குப் பாத்தா! ஒத்தையா நான் என்னடா பண்ணுவேன்?" என்று தவித்தார்.

அண்ணன் முகம் மலர்ந்தது. "ஆரம்பிங்கடா!"

சோற்றுப் பானையை வடிக்கக் கவிழ்த்து, "கருப்பா, இதைக் கொஞ்ச நேரம் புடிச்சுக்க, கையை விட்றாத" என்று சொல்லிவிட்டு அக்கா மிளகாய் அரைக்க ஓடினார். பெரியகருப்பன் கொஞ்ச நேரம் பிடித்தான். பிறகு விட்டான். சோறு மொத்தமும் சாக்கடையைப் பார்த்துப் போயிற்று.

சத்தம் கேட்டு அண்ணன் வந்து விசாரித்தார். "எவ்வளவு நேரம் புடிச்சே?"

"கொஞ்ச நேரம் அண்ணே."

"அப்ப ஒம்மேல தப்பில்ல. அதுக்குமேல புடிச்சிருந்தா சட்டம் என்னத்துக்கு ஆகுறது?"

கோழிக்குழம்பு என் பொறுப்பு. நான் ஒழுங்காகத்தான் கிண்டினேன். கொஞ்ச நேரம் கிண்டியதும் கரண்டியை மரியாதையாக ஓரத்தில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குழம்பு அடிப்பிடித்தது எனக்குத் தெரியவே இல்லை. எப்படித் தெரியும்? நான்தான் மூக்கைப் பொத்தியிருந்தேனே! புகை வந்தபோது, மசாலா இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். சமையல் தெரிந்தவன் மாதிரி தலையை வேறு ஆட்டினேன்.

அக்கா வந்து பார்த்தார். பானையைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அம்மிப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் ஓட்டல் பஸ் வந்து நின்றது. மேனேஜர் முன்னால் வர, வெள்ளைக்காரக் கூட்டம் கும்பிட்டபடியே உள்ளே வந்தது. இலை போட்டிருந்தது. இலைமேல் தண்ணீர் தெளித்திருந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

மேனேஜர் அக்காவைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார். அக்கா அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னார். கூட்டத்தில் இருந்த இங்க்ரிட் என்கிற வெள்ளைக்காரம்மா என்ன என்று கேட்க, மேனேஜர் இங்கிலீஷில் சொன்னார். அந்தம்மா உடனே தன் ஆட்களிடம் ஏதோ சொல்லிவிட்டு, முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து வெங்காயத்தை எடுத்தார்.

அவ்வளவுதான். ஒருவர் தேங்காய் துருவினார், ஒருவர் முட்டை உடைத்தார், தாடிக்காரர் ஒருவர் பணியாரச் சட்டியின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "அப்பிடியில்லய்யா, கம்பியால திருப்பு" என்று தமிழிலேயே அதட்டினார். பணியாரம் கோணல்மாணலாக வந்தது. காரச் சட்னியில் கையை வைத்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு குதித்தார். குதித்ததற்கும் எல்லோரும் கைதட்டினார்கள். பொழுது சாயும் நேரத்தில்தான் சாப்பிட்டார்கள். தாங்களே சமைத்ததாயிற்றே, இலையைக்கூட விடமாட்டார்கள்போல் சாப்பிட்டார்கள்.

"இந்த மாதிரி எங்கயுமே கெடைச்சதில்லையாம். இனிமே வாராவாரம் ஆள் வரும், இதே மாதிரி அவங்களே சமைக்கணுமாம்" என்று மேனேஜர் அக்காவிடம் சொன்னார். அக்கா அழுதார், சிரித்தார், எங்களைப் பார்த்து மறுபடியும் அழுதார். திருப்பூர் போகவேண்டியதில்லை. எங்களுக்கு உடம்பெல்லாம் லேசானது.

சாப்பிட்ட பிறகு கூட்டமே பாத்திரம் தேய்த்தது. அதற்குள் அடைக்கலமும் தேவகோட்டையிலிருந்து திரும்பியிருந்தான். இங்க்ரிட் அம்மா பெரிய அண்டா ஒன்றைத் தூக்கமுடியாமல், சும்மா நின்ற எங்களைப் பார்த்துச் சொன்னார்:

"குட் யூ ஹெல்ப் மீ அவுட்?"

நாலு பேருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வெள்ளைக்காரர் சொன்னது புரிந்தது. நடுவில் ஒரு 'மீ'யைச் செருகியும் ஏமாறவில்லை. பெரியகருப்பனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"அவசரப்படாதீங்க. மொதச் சட்டம் என்ன? அந்தம்மா தவிக்கிறாங்களா?" என்றார் அண்ணன்.

பார்த்தோம். அந்தம்மாவைச் சுற்றி அவருடைய ஆட்கள் அத்தனை பேரும் துணியும் கையுமாக நின்றார்கள்.

"இத்தனை பேரு இருக்கிறவரைக்கும் எப்பிடித் தவிப்பாங்க?" என்றான் அடைக்கலம்.

வேலை மளமளவென்று நடந்தது. நானும் அவனும் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "கம், கம்" என்று சிரித்தோம். வெள்ளைக்காரர்கள் நல்லவர்கள், சிரித்துக் கூப்பிட்டால் ஏறிவிடுகிறார்கள். தடுக்க வந்த மேனேஜரையும் ஏற்றினோம். கூச்சல் போட்டபடி படியில் காலை வைத்த அக்காவையும் உள்ளே இழுத்துக்கொண்டோம். அவரும் அந்தம்மாவுக்கு உதவி ஆள்தானே? இங்க்ரிட் அம்மாவை மட்டும் மெஸ்ஸிலேயே விட்டுவிட்டு, மற்ற எல்லோரையும் பிள்ளையார்பட்டி கோயில் வாசலில் பத்திரமாக இறக்கிவிட்டுத் திரும்பினோம்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது ராத்திரிச் சாப்பாட்டுக்காரர்கள் பெஞ்சு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். இங்க்ரிட் அம்மா ஒரு கையில் கரண்டியும் இன்னொரு கையில் தோசைத் திருப்பியுமாக, வியர்க்க விறுவிறுக்க ஓடிக்கொண்டிருந்தார்.

"யம்மா, தோசை என்னாச்சு?" என்றது ஒரு குரல்.

"சட்னி ஊத்தும்மா, எவ்வளவு நேரம்?" என்றது இன்னொன்று.

சொக்கலிங்கம் அண்ணன் வாசலில் நின்று அந்தம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். கண்ணை மூடி யோசித்தார். திறந்தார்.

"இப்பத்தான் சரியாத் தவிக்கிறாங்க" என்றார்.

நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யெஸ் மேடம்!" என்று ஒரே குரலில் சொல்லி உள்ளே போனோம். கொஞ்ச நேரத்துக்குத்தான்.